மாத்திரைக்கு முன் ரத்தம்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ரத்தப் பரிசோதனை அன்று காலை, உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கிப் புதிய சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை விழுங்காமல் கையோடு எடுத்துப் போக வேண்டும். முதல்நாள் இரவு 8 மணிக்குப் போட்டிருந்தால், மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், எடுத்ததும் மாத்திரை. தினம் ஒருவேளை மட்டும் போடும் வகை என்றால் 24 மணி நேர இடைவெளி. எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் பஸ்ஸையும் வரிசையையும் கணக்கில் வைத்துக் கிளம்புவது நல்லது.

மாத்திரை போட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கும். மருத்துவருக்கு வேண்டியது அடுத்த வேளைக்குச் சற்று முன்னால் இருக்கும் அடிமட்ட அளவு. மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயரும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் அபாயம் உண்டு. மறந்து போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மருந்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரிக்காமல் முழு ரத்தத்தையே ஊதா மூடிக் குழாயில் எடுக்கிறார்கள். எடுத்ததும் குழாயை 8, 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ரத்தம் உறைந்தால் மறுபடி ஊசிதான். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுப்பது முக்கியம், அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். பல மையங்களில் முதல் மாதங்களுக்கான இலக்கு மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம். பிறகு 5 முதல் 8.

தோலில் வரும் படைக்காக மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் இட்ராகோனசோல் இந்த அளவைத் தடாலென்று ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதற்கு நேரெதிர்: மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டி, சில நாட்களிலேயே இறக்கிவிடும். வயிற்றுப்போக்கில் மருந்து வெளியேறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அளவு ஏறும். குடல்சுவரில் மருந்தைத் தடுக்கும் நொதிகள் அப்போது வலுவிழந்திருக்கும்.

இத்தனை கவனமாக அளந்தாலும் கிடைப்பது மருந்தின் அளவுதான், எதிர்ப்பு சக்தியின் அளவு அல்ல. ஒரே எண் உள்ள இருவரில் ஒருவருக்குத் தொற்று வரலாம், மற்றவருக்கு நிராகரிப்பு. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், வெள்ளணு எண்ணிக்கை, எதிர்ப்பு சக்தி குறையும்போது தலைதூக்கும் பிகே, சிஎம்வி வைரஸ்களுக்கான பிசிஆர் பரிசோதனை எல்லாம் கூடவே பார்க்கிறார்கள். கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகம் அடிபட்டிருக்கும் என்பதுதான் இதில் வருத்தம்.

இந்த இடைவெளியை நிரப்ப ஆய்வாளர்கள் டிடிவி என்ற வைரஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். பெரும்பாலோர் ரத்தத்தில் இருக்கும் இதனால் நோய் வருவதாகத் தெரியவில்லை. எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி அடங்கினால் இது பெருகும். போதிய அளவு அடங்காவிட்டால் குறையும். ஆனால் டோஸை மாற்றினால் இந்த எண் அசைய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே டாக்ரோலிமஸ் அளவோடு சேர்த்துப் பார்க்கலாமே தவிர, அதற்குப் பதிலாக வைக்க முடியாது.