பேஸ் கிட்டாரை ஒப்பிடுமுன் கம்பியைப் பாருங்கள்

"அண்ணே, இந்த ரெண்டுல எதை வாங்கலாம்?" என்று கேட்டபடி போன மாதம் ஒரு தம்பி இரண்டு பேஸ் கிட்டார்களோடு என் பட்டறைக்கு வந்தார். ஒன்று பிரிசிஷன், இன்னொன்று ஜாஸ்; இரண்டும் ஃபெண்டர் நிறுவனத்தின் மாடல்கள். இரண்டுமே நண்பர்களிடம் இரவல். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பிரிசிஷன் செத்துப்போன மாதிரி ஒலிக்கிறது, ஜாஸ்தான் நல்லது என்று பாதி முடிவும் செய்துவிட்டார்.

பிரிசிஷனின் கம்பியில் விரலை ஓட்டினேன். விரல் நுனி கறுத்தது. வியர்வையும் அழுக்கும் கம்பியின் சுற்றுகளுக்கு இடையே இறுகியிருந்தன. ஜாஸில் இருந்ததோ பளபளக்கும் புதுக் கம்பி. கிட்டாரின் ஒலி என்று நினைத்துக் கம்பியின் வயதைத்தான் அவர் இவ்வளவு நாளும் காதால் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் ஒரே கனத்தில் புதுக் கம்பி மாட்டினேன். அப்புறம் உயரம். பிரிசிஷனின் கழுத்தில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பி 4 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. மூன்று வங்கி அட்டைகளை அடுக்கினால் சுமார் 2.3 மில்லிமீட்டர், பெரும்பாலோருக்கு அந்த உயரம் போதும். அதற்கு மேல் போகப் போக இடது கை அழுத்தி அழுத்தியே ஓய்ந்துவிடும். "எனக்கு விரல்ல பலம் இல்ல" என்று சொல்லி வாசிப்பதையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும். குறை விரலில் இல்லை. நம் ஊர் ஈரப்பதம் காலையில் 80 விழுக்காட்டைத் தாண்டும். இரவெல்லாம் ஏர்கான் போட்ட அறை அதைக் குறைக்கும். மரம் அதற்கேற்ப உப்பிச் சுருங்க, கழுத்து மெல்ல வளைகிறது. கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினாலே பல நேரம் சரியாகிவிடும்.

கடைகளில் ஒலியைக் கேட்கும்போது இன்னொரு விஷயம் ஏமாற்றும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அது நல்ல கிட்டார் என்று தோன்றும். பேஸில் இது இன்னும் மோசம். அழுத்தாமல் விட்ட, இருப்பதிலேயே தடித்த E கம்பி விநாடிக்கு சுமார் 41 முறை (41 ஹெர்ட்ஸ்) அதிர்கிறது; அவ்வளவு தாழ்ந்த ஒலி சத்தம் குறைந்தால் காதில் விழுவதே கடினம். அதனால் ஒரே ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி), ஒரே குமிழ் நிலை, இரண்டும் சம சத்தம் என்று வைத்துவிட்டுக் கேளுங்கள். கைப்பேசியில் ஒப்பீட்டுக் காணொளி பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது.

இதையெல்லாம் சமன் செய்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான வேறுபாடு. பிரிசிஷன் 1951இல் வந்தது. இன்று நாம் கேட்கும் அதன் இரண்டாகப் பிளந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தப் பகுதி) 1957இல் சேர்ந்தது. அது நடுப்பகுதி தடித்த ஒலி. கீபோர்டின் இடது கையும் தவிலும் சேர்ந்து அடிப்பகுதியை நிறைக்கும் நம் குழுக்களில் அந்தத் தடிமன் காணாமல் போகாது. நான் மேடைக்குப் போனால் அதைத்தான் எடுப்பேன். 1960இல் வந்த ஜாஸுக்கு இரண்டு பிக்கப். கம்பிகளின் அடி முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளதைக் கூட்டினால் மூக்கால் பேசுவது போன்ற தெளிவு வரும். ஆனால் இரண்டில் ஒன்றின் குமிழைக் குறைத்தால் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். அது அந்தப் பிக்கப்பின் இயல்பு, பழுது இல்லை. இரண்டையும் முழுதாகத் திறந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தோளில் மாட்டி, நின்று வாசித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். 4 கிலோ எடையை மூன்று மணி நேரம் சுமக்கப்போவது உங்கள் தோள். கிட்டாரின் கழுத்து தானாகக் கீழே சாய்ந்தால் அதைத் தாங்கிப் பிடிப்பது இடது மணிக்கட்டு. விரல் மரத்துப்போனால் அன்றைக்கு வாசிப்பதை நிறுத்துங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்தேன். அவருக்குப் பிடித்தது பிரிசிஷன் ஒலி. ஆனாலும் அடுத்த வாரம் அவர் வாங்கியது ஜாஸ். கை சிறியது அவருக்கு. மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் 38 மில்லிமீட்டரே அகலமுள்ள அந்தக் கழுத்தில்தான் சுண்டுவிரல் வலிக்காமல் எட்டியது.