குருவிக்குத் தண்ணீர் வைப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரின் குறிப்பு

சேலத்தில் சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் என் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். செருப்புப் பெட்டியோ ஸ்வீட் பெட்டியோ, திறந்தால் உள்ளே ஒரு குஞ்சு. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மாடியில் தண்ணீர் வைப்பவர்கள், தோட்டத்தில் செடி வளர்ப்பவர்கள். பறவைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் வீட்டிலிருந்துதான் பறவைகள் அதிகம் வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குஞ்சுகளில் பலவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. சின்னான், தவிட்டுக்குருவி, மைனா இவற்றின் குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். வால் குட்டையாக, வாயோரம் மஞ்சளாக, செடிக்கடியில் தத்தித் தத்தித் திரியும். தாய் பக்கத்திலேயே வாயில் புழுவோடு காத்திருக்கும். நாம் நிற்கிற வரை இறங்காது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் பாருங்கள், வந்து ஊட்டுவது தெரியும். பூனையோ வண்டியோ வருகிற இடமாக இருந்தால் மட்டும் குஞ்சை எடுத்துப் பக்கத்துப் புதரில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது நம் ஊரில் எல்லோரும் நம்புகிற கதை. சேர்க்கும். இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். கூடே சிதைந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட சிறு கூடையை அதே கிளையில் கட்டி உள்ளே வைக்கலாம்.

காக்கை விரட்டுகிறது என்று ஒரு கறுப்புக் குஞ்சைத் தூக்கி வருவார்கள். பாதி நேரம் அது குயில் குஞ்சு, ‘விரட்டிய’ காக்கைதான் அதற்குச் சோறூட்டும் வளர்ப்புத் தாய்.

இதைவிடக் கவலை தருவது இங்க் ஃபில்லரில் பால் ஊட்டுவது. பறவையின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கும். நாம் ஊற்றுகிற திரவம் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பால் அதற்குச் செரிக்கவும் செரிக்காது. அடிபட்ட பறவையென்றால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்தால் போதும். எதுவும் கொடுக்காதீர்கள். பூனை கவ்வியதாக இருந்தால் காயம் குண்டூசி முனையளவே தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் வந்துவிடுங்கள். பூனை எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். “குணமானால் நாங்களே வளர்க்கலாமா?” என்று குழந்தைகள் கேட்பார்கள். கூடாது. பச்சைக்கிளி உட்பட நம் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பறவைகளை அழைக்கத் தானியத்தைவிட நல்லது தண்ணீர்தான். தானியம் தின்னாத தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடத் தண்ணீருக்கு வரும். ஆனால் வாளியிலோ டப்பிலோ வைக்காதீர்கள். குஞ்சும் அணிலும் விழுந்து மூழ்குகின்றன. வாயகன்ற மண் தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர், நடுவில் ஒரு கல். அவ்வளவுதான். தினமும் மாற்றி, வாரம் இருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், ஆகவே இது உங்கள் வீட்டுக்கும் நல்லது. தட்டைச் சுற்றி ஆறேழு அடியாவது திறந்தவெளியாக இருக்கட்டும், புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும்.

அடுத்தது கண்ணாடி. புதிதாகக் கட்டுகிற வீடுகளில் நீல, பச்சை நிறக் கண்ணாடி போடுகிறார்கள். அதில் வானமும் மரமும் தெரியும், பறவை அப்படியே வந்து மோதும். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வருகிற ஆறுமணிக்குருவி அநேகமாக இப்படி அடிபட்டதுதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது. இரவில் பயணம் செய்யும். விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி, களைத்துப்போய் ஏதோ ஒரு வீட்டு வாசலில் கிடக்கும். அதன் நிறங்களைப் பார்த்து, கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பறவை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கொசுவலை அடித்தால் இந்த மோதல் பெரிதும் நின்றுவிடும். பருந்து ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுத் திருப்திப்படுவதில் பலனில்லை. புள்ளியோ கோடோ இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி முழுக்க இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டைக் கண்ணாடிக்கு மூன்று அடிக்குள் வையுங்கள், இல்லையென்றால் முப்பது அடிக்கு அப்பால் வையுங்கள். பைக் கண்ணாடியில் தன் உருவத்தோடு சண்டை போடும் குண்டுகரிச்சானுக்கு வைத்தியம் ஒரு பழைய சாக்ஸ், கண்ணாடி மேல் மாட்டிவிடுங்கள்.

தானியம் வைப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கம்பு, தினை, அரிசி நொய் கொஞ்சமாக, அன்றைக்குத் தீருகிற அளவு போதும். அள்ளிக் கொட்டினால் புறாக்கள்தான் வந்து சேரும். அவற்றின் உலர்ந்த எச்சத் தூசி மனித நுரையீரலுக்கு ஆகாது. மிக்சர், முறுக்கு, பிஸ்கட் வேண்டாம். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் உப்பும் குழம்பும் சேர்க்காமல் வையுங்கள். தட்டருகே உடல் உப்பிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டு வாரம் எதுவும் வைக்காதீர்கள். கூடித் தின்கிற இடத்தில் நோய் வேகமாகப் பரவும்.

தானியத்துக்குச் செலவழிப்பதைச் செடிக்குச் செலவழிக்கலாம். முருங்கைப் பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலையைப் பழுக்க விட்டால் சின்னானும் குயிலும் வரும். சிங்கப்பூர் செர்ரி ஓரிரு வருடத்தில் காய்த்துவிடும், நாள் முழுக்க அதில் கூட்டம்தான். எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவை மருந்தடித்துக் கொல்லாதீர்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும்.

சிட்டுக்குருவிப் பெட்டி மாட்டுகிறவர்கள் மரப்பெட்டியாக வாங்குங்கள், நுழைவாய் 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மேற்குச் சுவரில் மாட்டினால் சேலம் வெயிலில் குஞ்சு வெந்துவிடும். கூட்டைப் படமெடுக்கக் கிளையை விலக்காதீர்கள். நாம் எங்கே போகிறோம் என்று பார்க்கிற காக்கைக்கு அது போதும். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். எல்லைக்குப் போட்டி வந்துவிட்டதென்று அது ஊட்டுகிற வேலையை விட்டுவிட்டு அலையும். காலை ஆறு முதல் எட்டு வரை ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்தாலே நிறையப் பார்க்கலாம். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் உங்கள் தோட்டம் சேரும்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: தானியத் தட்டே வேண்டாம், குரங்கு முதலில் தட்டுக்கு வரும், அப்புறம் சமையலறைக்கு வரும். செம்மீசைச் சின்னான்களுக்குக் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களே நிறையத் தருகின்றன. வேலியோரப் புதரை வெட்டாமல் விடுங்கள், மண் தட்டில் தண்ணீர் மட்டும் வையுங்கள்.