99.99 சதவீதம் எங்கிருந்து வருகிறது? தந்தை யார் என்று டி.என்.ஏ. சொல்லும் விதம்

'இவர் தந்தையாக இருப்பதற்கான நிகழ்தகவு 99.99 சதவீதத்துக்கு மேல்.' டி.என்.ஏ. அறிக்கைகளின் கடைசி வரி பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இந்தச் சதவீதத்தை எந்தக் கருவியும் அளந்து சொல்வதில்லை. கருவி தருவது சில ஜோடி எண்களை மட்டுமே. அவற்றை வைத்து ஆய்வகம் போடும் கணக்குதான் அந்தச் சதவீதம். கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாமல் அறிக்கையை வாசிப்பது, பில்லைப் பார்க்காமல் பணம் கட்டுவது போலத்தான்.

முதலில் அந்த எண்கள். நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். 11ஆம் குரோமோசோமில் உள்ள டி.ஹெச்.01 என்ற இடத்தில் 'ஏ ஏ டி ஜி' என்ற துண்டு சிலருக்கு 6 முறை, சிலருக்கு 9 முறை வரும். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இதே இடத்தில் 9.3 என்றும் ஓர் எண் உண்டு. ஒன்பது முழுத் துண்டுகளும் மூன்றே எழுத்துள்ள ஒரு அரைகுறைத் துண்டும் என்பது அதன் பொருள். 10க்கும் 9.3க்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதையும் கருவி பிரித்துக் காட்டிவிடும்.

இப்படி ஏறக்குறைய 20 இடங்களை, அதாவது மார்க்கர்களை, ஒரே குழாயில் பார்க்கிறார்கள். ஆண், பெண் காட்டும் ஒரு மார்க்கரும் கூடவே இருக்கும். தேவைப்படுவது அரை முதல் ஒரு நானோகிராம் டி.என்.ஏ.தான். ஒரு செல்லில் சுமார் 6.6 பிக்கோகிராம் இருப்பதால், 150 செல்கள் கிடைத்தாலே போதும். பி.சி.ஆர். முறையில் அதை 28 முதல் 30 சுற்றுகள் பெருக்கி, ஒளிரும் சாயம் ஏற்றி, மெல்லிய குழாய் வழியே ஓடவிடுவார்கள். குட்டையான துண்டு முதலில் வந்து சேரும், நீளமானது பின்னால் வரும். திரையில் தெரியும் கூம்புகளைத் தெரிந்த அளவுகோலோடு ஒப்பிட்டு எண்களைக் குறித்துக்கொள்வார்கள்.

இனி கணக்கு. டி.ஹெச்.01இல் அம்மாவுக்கு 6, 9. குழந்தைக்கு 9, 9.3. அப்படியானால் 9 அம்மா கொடுத்தது, 9.3 அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தந்தை எனச் சொல்லப்படுபவருக்கு 7, 9.3 என்று வைத்துக்கொள்வோம். அவர் 9.3ஐக் கொடுத்திருக்கும் வாய்ப்பு பாதி, அதாவது 0.5. அந்த மக்கள்தொகையில் 9.3 காணப்படும் விகிதம் 0.2 என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அது வந்திருக்கும் வாய்ப்பு 0.2. 0.5ஐ 0.2ஆல் வகுத்தால் 2.5. இந்த ஒரு மார்க்கருக்கான தந்தைமைக் குறியீடு இதுதான். அவருக்கு இரண்டுமே 9.3 என்றால் குறியீடு 5.

2.5 என்பது ஒன்றும் பெரிய சான்று அல்ல. ஆனால் 20 மார்க்கர்களிலும் சராசரியாக 2.5 வந்து, அவற்றைப் பெருக்கினால் சுமார் 9 கோடி. வேறொருவர் தந்தை என்பதைவிட, இவர் தந்தை என்றால் இந்த எண்கள் வர 9 கோடி மடங்கு வாய்ப்பு அதிகம். இதைச் சதவீதமாக மாற்றும்போது ஆய்வகங்கள் வழக்கமாக ஓர் ஊகம் சேர்க்கின்றன: சோதனைக்கு முன்பு அவர் தந்தையாக இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் சம வாய்ப்பு, 50 சதவீதம். குறியீடு 9 கோடியாக இருக்கும்போது இந்த ஊகத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. குறியீடு வெறும் 100 என்றால் கதையே வேறு. 50 சதவீத ஊகத்தில் அது 99 சதவீதமாகத் தெரியும். நூறு பேரில் ஒருவர் தந்தை என்ற நிலையிலிருந்து தொடங்கினால் அதே 100 சுமார் 50 சதவீதம்தான் தரும். ஆகவே அறிக்கையில் சதவீதத்தைவிட, எல்லா மார்க்கர்களின் குறியீடுகளையும் பெருக்கி வரும் கூட்டுக் குறியீட்டைப் பாருங்கள்.

'இவர் தந்தை இல்லை' என்று சொல்வது சுலபம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத ஆள் என்றால் சுலபம்தான், ஏறக்குறைய பாதி மார்க்கர்களில் பொருந்தாது. ஓரிரண்டு மட்டும் பொருந்தாதபோதுதான் சிக்கல். துண்டுகளின் எண்ணிக்கை தலைமுறை மாறும்போது சில சமயம் ஒன்று கூடும், ஒன்று குறையும். இந்தத் திடீர்மாற்றம் ஒரு மார்க்கருக்கு 0.2 சதவீத அளவில் நடக்கும். 20 மார்க்கர்களைச் சேர்த்துப் பார்த்தால், உண்மையான தந்தைகளிலேயே ஏறக்குறைய 25இல் ஒருவருக்கு ஓரிடம் பொருந்தாமல் போகும். பி.சி.ஆர். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு (பிரைமர்) ஒட்ட வேண்டிய இடத்தில் எழுத்து மாறியிருந்தால், இருக்கும் எண்கூடத் தெரியாமல் மறையும். அதனால்தான் நல்ல ஆய்வகம் ஒரே முரணை வைத்து மறுப்பதில்லை. வேறு கிட்டில் திரும்ப ஓட்டும், கூடுதல் மார்க்கர் பார்க்கும். மூன்றோ அதற்கு மேலோ முரண் இருந்தால்தான் பொதுவாக 'இல்லை' என எழுதும்.

உண்மையான தந்தையின் அண்ணனோ தம்பியோ சோதனைக்கு வந்தால் இதே இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. அவருக்கும் பெரும்பாலான எண்கள் பொருந்திவிடும், ஓரிரண்டு பொருந்தாதவை திடீர்மாற்றம் போலவே தோன்றும். சகோதரர்மேல் சந்தேகம் இருந்தால் அதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே கருவிலிருந்து பிறந்த, ஒரே சாயலுள்ள இரட்டையர்களை இந்த 20 மார்க்கர்களால் பிரிக்கவே முடியாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமன், அம்மாவின் மாதிரி இல்லாமல் குழந்தையோடு மட்டும் சோதிக்கப்படுகிறார் என்று வையுங்கள். அவர் தந்தையாக இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தைக்குப் பாட்டியின் தம்பி. அம்மா வழியாகவே இருவருக்கும் எண்கள் பொதுவாக இருக்கும், குறியீடு வீணாக ஏறும். சொந்தத்தில் நடந்த திருமணம் என்றால் அம்மாவின் மாதிரி இல்லாமல் சோதிக்கக் கூடாது.

அம்மாவே யாரென்று நிரூபிக்க வேண்டிய நிலையும் வரும். 2004 சுனாமியில் தப்பி, இலங்கையின் கல்முனை மருத்துவமனையில் 81 என்ற எண்ணில் பதிவான குழந்தையைப் பெற்றோரிடம் சேர்த்தது 2005 பிப்ரவரியில் வந்த டி.என்.ஏ. முடிவுதான்.

தந்தை உயிரோடு இல்லையென்றால் அவருடைய அப்பா, அம்மா இருவரையும் சோதிப்பது நல்ல வழி. ஆண் குழந்தை என்றால் ஒய் குரோமோசோம் பார்க்கலாம், ஆனால் அது அப்பா, தாத்தா, சித்தப்பா, பெரியப்பா, பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றே. பரம்பரையைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டு பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் மார்க்கர்களில் தலா ஓர் எண்ணாவது பொதுவாக இருந்தாக வேண்டும். மிகவும் குழப்புவது, தாய் வேறாகி தந்தை ஒன்றான உடன்பிறப்புச் சோதனைதான். பொதுவாக டி.என்.ஏ.வில் சராசரி 25 சதவீதமே பகிர்வார்கள் என்பதால் 20 மார்க்கர்களில் 'சொல்ல முடியவில்லை' என்று அடிக்கடி வரும். இருவரின் தாய்மார்களையும் சேர்த்தால் தெளிவு கூடும்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகள் சிறியவை, விளைவு பெரியது. கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சுக்குச்சியை நன்றாக உலரவிட்டு, காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரத்தில் பாக்டீரியா வளர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும். பால் குடித்த கையோடு குழந்தையிடம் எடுத்தால் அம்மாவின் செல்களும் கலந்துவிடும். ரத்தம் என்றால், அது உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. சேர்த்த குழாய்தான் சரி, அதே வேலைக்குப் பயன்படும் ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் ரத்தம் கொடையாளரின் எண்களையே காட்டும்.

வீட்டிலேயே எடுத்து அனுப்பும் கிட் முடிவை வழக்குக்கு நம்பிப் பயனில்லை, குச்சி யாருடைய வாயில் போனது என்பதற்குச் சாட்சி இல்லையே. நீதிமன்றம் உத்தரவிட்டால் புகைப்படம், கையெழுத்து, கைரேகை, முத்திரை என்று புதிதாக எடுப்பார்கள். அந்த உத்தரவும் கேட்டவுடன் வராது. சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 116ஆம் பிரிவு, திருமண உறவு நீடிக்கும் காலத்தில் பிறந்த குழந்தை கணவருடையதே என்று எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று 1993இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவு ஏற்கெனவே கையில் இருந்த 2014ஆம் ஆண்டு நந்தலால் பத்வாயிக் வழக்கில், அனுமானத்தைவிட டி.என்.ஏ.வே மேலானது என்றது அதே நீதிமன்றம்.