ஸ்னஃபர் என்றால் என்ன?

கத்தரிக்கோல் போலவே இருக்கும், ஆனால் துணியையோ காகிதத்தையோ வெட்ட வராது. ஓர் அலகின் மேல் சின்னப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். இன்னோர் அலகில் அந்தப் பெட்டியை மூடுகிற தகடு. முனை ஊசிபோல் நீண்டிருக்கும், அடியில் பெரும்பாலும் குட்டிக் கால்கள் மூன்று. பழம்பொருள்களுக்கு நடுவே இதைப் பார்ப்பவர்கள் வைத்தியக் கருவி என்பார்கள், சர்க்கரை எடுக்கும் இடுக்கி என்பார்கள். ஆங்கிலப் பெயர் 'ஸ்னஃபர்' என்று தெரிந்ததும், அப்படியானால் பெட்டி மூக்குப்பொடிக்குத்தான் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு.

மூக்குப்பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொடியைக் குறிக்கும் 'ஸ்னஃப்' டச்சு மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த 'ஸ்னஃப்' அதைவிடப் பழையது. மெழுகுவத்தித் திரியின் கருகிய நுனிக்குப் பெயர். அதைக் கத்தரிக்கும் கருவி ஸ்னஃபர்.

கருகிய நுனியை ஏன் வெட்ட வேண்டும்? அந்தக் கால மலிவு வத்திகள் விலங்குக் கொழுப்பில் செய்தவை. திரி, சுடரின் நடுவில் நேராக நிற்கும். அங்கே காற்று போதாது என்பதால் அது எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நீண்டுகொண்டே போகும். நீண்ட திரி புகை கக்கும், வெளிச்சம் மங்கும். அப்புறம் சாய்ந்து விழுந்து பக்கவாட்டில் கொழுப்பை உருக்கி வழியவிடும். ஆகவே ஒரே மாலைப் பொழுதில் பலமுறை திரியை நறுக்க வேண்டியிருந்தது, அதுவும் சுடர் அணையாமல். வெட்டிய துண்டு கனலோடு மேசையில் விழக்கூடாது என்பதற்குத்தான் பெட்டி. படுத்துவிட்ட திரியை நிமிர்த்தவே அந்தக் கூர்முனை. சூடான அலகு மேசையைத் தொடாமல் இருக்கக் கால்கள். பெட்டிக்குள் கரிக்கறை இருந்தால் அது ஸ்னஃபர்தான், சந்தேகமே வேண்டாம்.

இது ஏழைகளின் கருவி மட்டுமல்ல. 1511க்கும் 1514க்கும் இடையில் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்பதவியாளரான கார்டினல் பெயின்பிரிட்ஜுக்காக வெள்ளியில் செய்த ஒன்று இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1820களில் பிரான்சில் காம்பசெரே என்பவர் பின்னல் திரியை உருவாக்கினார். பின்னிய திரி எரியும்போது தானே வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகும். அங்கே காற்று கிடைத்து முழுதும் சாம்பலாகிவிடும். வெட்டும் வேலை மெல்ல மெல்ல மறைந்தது. பெயர் மட்டும் நின்று, மெழுகுவத்தியைக் கவிழ்த்து அணைக்கும் கூம்பு மூடிக்குப் போய்விட்டது. இன்று ஸ்னஃபர் என்றால் பலருக்கும் அந்தக் கூம்புதான்.

இதனால்தான் தமிழில் 'அணைப்பான்' என்று பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. வேலையையே தலைகீழாக்கிவிடுகிறது அது. சுடரை வளர்க்க வந்த கருவி இது. தமிழ் விவிலியத்தில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில், குத்துவிளக்கோடு கத்தரிகளும் சாம்பல் பாத்திரங்களும் செய்யும்படி சொல்லப்படுகிறது. வழி அங்கேயே இருக்கிறது: 'திரிகத்தரி' என்பதே பொருத்தம். கூம்பு மூடிக்கு வேண்டுமானால் 'சுடரணைப்பான்' என்று வைத்துக்கொள்ளலாம்.

'தூண்டுகோல்' ஆகாதா என்று கேட்கலாம். அழகான சொல். இன்று ஊக்கம் தருவது என்ற பொருளில் மட்டுமே புழங்கினாலும், முதலில் அது அகல் விளக்கின் திரியை முன்னே தள்ளிவிடும் குச்சிதான். அப்பர் 'தூண்டு சுடரனைய சோதி' என்று பாடியது இந்தத் தூண்டலைத்தான். ஆனால் தூண்டுகோல் தள்ளும், வெட்டாது. எண்ணெய் விளக்குக்கு அது, மெழுகுவத்திக்குத் திரிகத்தரி.

வாசனை மெழுகுவத்திகளோடு இப்போது 'விக் டிரிம்மர்' என்று விற்கிறார்களே, வளைந்த அலகும் துண்டைத் தாங்கும் சிறு தகடும் உள்ளது, அதற்கும் இதே தமிழ்ப் பெயர் சரியாகப் பொருந்தும்.