பொருட்குற்றம்: விண்வெளித் தொடரில் பிழை பிடிப்பது எப்படி

செவ்வாயில் புயல் அடிக்கிறது. ஏவுகலம் சாய்கிறது. அன்டெனாக் கம்பி ஒன்று பறந்து வந்து வீரன் ஒருவனின் உடம்பில் ஏறுகிறது. ‘த மார்ஷியன்’ கதை இப்படித்தான் தொடங்குகிறது. திருகோணமலையில் ஒரு வீட்டு முன்னறையில் கச்சான் கொறித்தபடி இதைப் பார்க்கும் நாலு பேரில் ஒருவர் கட்டாயம் வாய் திறப்பார்: “இது நடக்காது மச்சான்.” மற்ற மூவரும் “பேசாமல் படத்தைப் பார்” என்பார்கள்.

அந்த ஒருவர் சொல்வது சரி. ஆனால் ‘நடக்காது’ என்பது பிழை பிடிப்பதில் பாதி வேலைதான். எவ்வளவு தூரம் நடக்காது என்று காட்டினால்தான் வேலை முடியும். காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. செவ்வாயின் தரையருகே ஒரு கன மீற்றர் காற்று சுமார் 0.02 கிலோகிராம். 30 பாகை வெயிலில் திருமலைக் காற்று சுமார் 1.16 கிலோகிராம். ஒன்றை மற்றதால் பிரித்தால் 58. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.6. ஆகவே செவ்வாய்க் காற்றின் வேகத்தை 7.6ஆல் பிரித்தால், அதே தள்ளு விசையைத் தரும் நம்மூர்க் காற்றின் வேகம் கிடைத்துவிடும். கதையில் வரும் 175 கிலோமீற்றர்ப் புயல் இங்கே மணிக்கு 23 கிலோமீற்றர் காற்று. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்தில் உப்புவெளிக் கரையில் குடை பிடித்துப் போகிறவர் இதைவிட அதிகம் பட்டிருப்பார். செவ்வாயில் நிஜமாக அடிக்கும் மிகப் பலமான காற்றே மணிக்கு 100 கிலோமீற்றர் அளவுதான். அது நமக்கு 13.

கதையை எழுதிய ஆண்டி வியர் இது தெரிந்தே செய்தது என்று ஒத்துக்கொண்டவர். இங்கே அவசரப்பட்டு “அப்படியென்றால் செவ்வாயில் புழுதிப் புயலே பொய்” என்று சொல்லிவிடக் கூடாது. மாவைவிட மெல்லிய தூசு அந்தக் காற்றிலும் எழும்பும். 2018இல் கோள் முழுவதையும் மூடிய புழுதிதான் சூரிய ஒளியை மறைத்து ‘ஒப்பர்சூனிற்றி’ ஊர்தியை முடித்துவைத்தது. கலத்தைச் சரிக்காத காற்று, வெளிச்சத்தை அடைத்துக் கொன்றது.

கீக், அதாவது அறிபுனையின் நுணுக்கங்களில் ஊறியவர்கள், என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நக்கீரர் பாட்டின் சொல்லில் குற்றம் காணவில்லை, பொருளில்தான் கண்டார். (கோணேசர் காலடியில் இருந்துகொண்டு நக்கீரரின் பக்கம் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான்.) இவர்களும் பொருட்குற்றக்காரர்கள். கதை கேட்கும் ஒரு பெரிய பொய்யைத் தாராளமாகக் கொடுப்பார்கள். அந்தப் பொய்க்குப் பின்னால் வரவேண்டிய விளைவு வராவிட்டால்தான் விடமாட்டார்கள்.

லாரி நிவெனின் ‘ரிங்வேர்ள்ட்’ நாவலுக்கு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 1970இல் வந்தது. விண்மீன் ஒன்றைச் சுற்றி, பூமியின் பாதை அளவுக்கு விரிந்த ஒரு திண்ம வளையம்; உள் முகத்தில் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பூமியின் ஈர்ப்பு கிடைக்க வளையம் செக்கனுக்கு சுமார் 1,200 கிலோமீற்றர் வேகத்தில் சுழலவேண்டும். அந்த இழுவையைத் தாங்க, உருக்கைவிடக் கோடி மடங்கு அளவில் பலமான பொருள் வேண்டும். நிவென் அப்படியொரு பொருளைக் கற்பனையில் செய்து வைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் 1971இல் பொஸ்டனில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில் எம்.ஐ.ரி. தொழில்நுட்பக் கழக மாணவர்கள் கூடிநின்று கோஷம் போட்டார்கள்: வளையம் நிலையில்லாதது!

காரணம் எளியது. விறைப்பான வளையம் ஒரு பக்கம் துளி நகர்ந்தாலும், விண்மீனுக்குக் கிட்டவந்த பகுதி கூடுதலாக இழுபடும். இழுபட்டால் இன்னும் கிட்ட வரும். கவிழ்த்த சட்டியின் உச்சியில் வைத்த போளைபோலத்தான். சனியின் வளையம் ஒரே திண்மத் துண்டாக இருக்க முடியாது என்று பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் 1859இல் காட்டியதும் இந்தக் கணக்கால்தான். நிவென் அடுத்த நாவலில் வளையத்தின் விளிம்பில் உந்துபொறிகளைப் பூட்டினார். அதற்கு முன்பே முதல் அச்சில் இன்னொரு பிழை இருந்தது: பிறந்தநாளை நீட்டிக்க விரும்பும் நாயகன் நேர வலயங்களில் கிழக்கு நோக்கித் தாவுகிறான். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்து வளரும் திருமலைப் பிள்ளைக்கும் தெரியும், கிழக்கே போகப் போக விடிவு முந்தும். மேற்கே தாவினால்தான் நள்ளிரவு தள்ளிப்போகும். பின்வந்த பதிப்புகளில் திருத்திவிட்டார்கள்.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பது பழைய நொட்டை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது, விடுவோம். அதைவிடப் பெரிய பிழை, தொடர்களில் வரும் கப்பல்களில் இல்லாத ஓர் உறுப்பு: வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர் தகடுகள்.

விண்வெளி குளிர், ஆகவே கப்பல் தானாகக் குளிரும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேநீர்ப் பிளாஸ்கை எண்ணிப் பாருங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால்தான் தேநீர் மணிக்கணக்கில் சூடாக இருக்கிறது. விண்கலம் அந்தப் பிளாஸ்கின் உள் போத்தல். வெப்பம் போக ஒரே வழி கதிர்வீச்சு. ஒரு சதுர மீற்றர் எவ்வளவு கதிர்வீசும்? கெல்வினில் வெப்பநிலையை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 5.67×10⁻⁸ஆல் பெருக்கி, நல்ல கறுப்புப் பூச்சுக்கு 0.9ஆலும் பெருக்குங்கள். 27 பாகை, அதாவது 300 கெல்வினில், சுமார் 413 வாற்று. கப்பலின் உலை 100 மெகாவாற்றுக் கழிவு வெப்பம் தருகிறது என்று வைத்தால் 242,000 சதுர மீற்றர் வேண்டும். தகட்டின் இரு முகமும் வேலை செய்தாலும் 121,000. பதினேழு காற்பந்து மைதானம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பெரிய அமோனியாத் தகடுகள் எல்லாமாகச் சேர்ந்து வெளியேற்றுவதோ 70 கிலோவாற்றுத்தான்.

நான்காம் அடுக்கு என்பதில்தான் தப்பும் வழியும் இருக்கிறது. தகட்டை 1,000 கெல்வினுக்குச் சூடாக்கினால் சதுர மீற்றருக்கு 51,000 வாற்று வெளியேறும். 1,000 சதுர மீற்றரை எட்டாத இருமுகத் தகடு போதும். ஆனால் அது மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே இருட்டில் மறைந்து பதுங்கும் கப்பல் என்றதும் நிமிர்ந்து உட்காருங்கள். வெப்பத்தை வெளியே விட்டால் அகச்சிவப்பில் கலங்கரை விளக்கமாகத் தெரியும். விடாமல் உள்ளே சேமித்தால் எவ்வளவு நேரம்? ஆயிரம் தொன் தண்ணீரை 27 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற்ற, அந்த 100 மெகாவாற்றுக்கு 51 நிமிடம் போதும். பிறகு கொதிக்கத் தொடங்கிவிடும். கதாசிரியர் அந்த 51 நிமிடத்தை வைத்தே ஒரு நல்ல அத்தியாயம் எழுதலாம், ஏனோ எழுதுவதில்லை.

இதே பிளாஸ்க் கணக்கு, கவசமில்லாமல் வெளியே வீசப்பட்டவர் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டியாக உறையும் காட்சியையும் கவிழ்க்கிறது. உடம்பு சுமார் 800 வாற்று கதிர்வீசும். 70 கிலோ உடலின் வெப்பநிலை ஒரு பாகை குறைய, இந்தக் கணக்கில் ஐந்து நிமிடம் ஆகும். தோலிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது அந்த இடங்கள் மட்டும் விரைவாகக் குளிரும். ஆளைச் சாய்ப்பது குளிரல்ல, ஒட்சிசன் இன்மை. 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் உடைக் குழாய் கழன்ற ஜிம் லெப்ளாங்க் சுமார் 14 செக்கனில் மயங்கினார். நாக்கில் உமிழ்நீர் கொதித்ததே அவருக்குக் கடைசியாக நினைவில் நின்றது. அறைக்குள் காற்று விட்டதும் பிழைத்தார்.

அடுத்தது ‘சென்சர்’. கட்டளைத் தளபதி கேட்டதும், “கீழே உயிர் இருக்கிறது, மூன்று பேர்” என்று பதில் வரும். உணர்கருவி எதுவானாலும் அதற்குத் தாமதமும் மங்கலும் உண்டு. இதைப் பார்க்க விண்வெளிக்குப் போகவேண்டாம். படகில் பூட்டிய மீன்காட்டி போதும். அடித்தட்டில் உள்ள சிறு வட்டு, காதுக்குக் கேட்காத கழியொலித் துடிப்பை அனுப்புகிறது. நமது வெதுவெதுப்பான கடலில் ஒலி செக்கனுக்கு சுமார் 1,540 மீற்றர் போகும். எதிரொலி 0.05 செக்கனில் வந்தால் போய்வந்த தூரம் 77 மீற்றர், ஆழம் 38.5.

இனிப் பிழை வரும் இடம். துடிப்பு ஊசிபோல இறங்குவதில்லை, கூம்பாக விரியும். 20 பாகைக் கூம்பு 100 மீற்றர் ஆழத்தில் 35 மீற்றர் அகலம். அடி மட்டமாக இருந்தால் பரவாயில்லை. திருகோணமலைக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது. அதன் சரிவுக்கு மேலே படகு நின்றால் கூம்புக்குள் அகப்பட்ட மேட்டுப் பக்கம்தான் முதலில் எதிரொலி தரும். திரை காட்டும் ஆழம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். அகன்ற கூம்புக்குள் அருகருகே நிற்கும் இரண்டு மீன்கள் ஒரே கோடாகத் தெரியும். வட்டுக்கு அடியில் காற்றுக் குமிழி சேர்ந்தால் திரையில் ஒன்றுமே வராது. இவ்வளவும் நூறு மீற்றருக்குள். சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தூரத்தில் நிற்கும் எதிரிக் கப்பலை ராடாரால் தொட்டால் பதில் வர 16 நிமிடம் 38 செக்கன் பிடிக்கும். திரையில் புள்ளி உடனுக்குடன் நகர்ந்தால், ஒளியை மிஞ்சும் ராடார் என்ற இன்னொரு பொய்யைக் கதை சத்தமில்லாமல் கேட்கிறது. ஒளியை மிஞ்சும் பயணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்ட தொடர் என்றால் இதைப் பிழையென்று சொல்லாமல் விடுவதே நேர்மை.

பிழை பிடிப்பவரின் பிழையும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் வீட்டுக் கூரையில் நிற்கும் செய்மதித் தொலைக்காட்சித் தட்டு. ஆர்தர் சி. கிளார்க் 1945இல், 35,786 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகளால் உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். பதினொரு வருடம் கழித்து அவரே, திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் அடிவாரக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்களைப் பார்த்தார். நம்மூர் நெட்டாங்கு 81.2 பாகை கிழக்கு. 83 பாகையில் நிற்கும் செய்மதி ஒன்றை இங்கிருந்து பார்த்தால் ஏற்றக்கோணம் 80 பாகை; கிட்டத்தட்ட உச்சி. ஆனால் வீட்டுத் தட்டின் முகமோ 55 பாகைபோலச் சரிந்து நிற்கும். இலங்கையில் நடக்கும் கதையில் அப்படியொரு தட்டைக் கண்டதும் “செய்மதி அங்கே இல்லையே” என்று குதிப்பவர் தோற்பார். சிறு தட்டுகள் பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டிய துண்டுகள். கையின் நுனியில் உள்ள வாங்கி, வரும் அலையை மறைக்காதிருக்க இந்த ஏற்பாடு. அதனால் தட்டு தன் முகம் காட்டும் திசைக்கு 22 முதல் 26 பாகை மேலே பார்க்கிறது.

வேறுபடுத்துவது சுலபம். வாங்கியைத் தாங்கும் கை தட்டின் கீழ் விளிம்பிலிருந்து கிளம்பினால் அது வெட்டுத் துண்டு. மூன்று கால்கள் சேர்ந்து வாங்கியை நடுவில் தூக்கிப் பிடித்தால் முழுக் கிண்ணம். அது மட்டும்தான் இந்த ஊரில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கவேண்டும். அப்படிக் கிடந்தால் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளையில்லாத கிண்ணத்தில் மாரிக்குப் பிறகு நுளம்புதான் வளரும்.