கேள்வித்தாளிலேயே பாதி முடிவாகிவிடும் அட்டெயின்மென்ட்

செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் எல்லா மேஜையிலும் ஓர் எக்செல் ஷீட் திறந்திருக்கும். பாடம் முடியும்போது மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சிஓ (கோர்ஸ் அவுட்கம்). அதை வகுப்பு எவ்வளவு எட்டியது என்பதற்கான எண் அட்டெயின்மென்ட். சிஓ அட்டெயின்மென்ட் 1.8, இலக்கு 2.2. எங்கே கை வைத்தால் எண் ஏறும் என்று தேடல் தொடங்கும். அந்த நேரத்தில் நேர்மையாகத் திருத்த எதுவும் மிச்சமிருக்காது. கேள்வித்தாள் எழுதிய அன்றே அந்த எண் பாதி முடிவாகிவிட்டது.

பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் கேட்கும் பொறியியல் துறைகள், மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதைக் கணக்காகக் காட்ட வேண்டும். பாடத்துக்கு ஐந்தாறு சிஓ. பட்டப்படிப்பு முழுமைக்கும் பிஓ (புரோகிராம் அவுட்கம்). முன்பு 12 ஆக இருந்த பிஓக்கள் புதிய வடிவத்தில் 11. வகுப்பில் 60 விழுக்காட்டினர் இலக்கு மார்க்கை எட்டினால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3 என்பது பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு. துறையே வேறு அளவு வகுக்கலாம். ஆனால் பாடம் தொடங்கும் முன் அது எழுத்தில் இருக்க வேண்டும். மார்க்கைப் பார்த்தபிறகு வகுப்பது அளவே அல்ல.

நோட் எனும் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்த தரவு அமைப்பு லிங்க்டு லிஸ்ட். ‘லிங்க்டு லிஸ்ட்டைப் புரிந்துகொள்வர்’ என்று சிஓ எழுதினால் அளக்க முடியாது. ‘கொடுத்த தேவைக்கு அரே, லிங்க்டு லிஸ்ட், ஹேஷ் டேபிள் மூன்றில் பொருத்தமானதைத் தேர்ந்து, நேரச் செலவைக் காட்டிக் காரணம் சொல்வர்’ என்றால் அதற்குக் கேள்வி கேட்கலாம், மார்க் போடலாம்.

அதிகம் கெடுவது, இரண்டில் ஒன்றை எழுதும் 13 மார்க் ‘அல்லது’ கேள்வியில். 12 அ சிஓ3, 12 ஆ சிஓ4 என்று தாள் போட்டுவிடுகிறார்கள். வகுப்பில் 60 பேர். 22 பேர் ‘அ’வை எழுதுகிறார்கள், அதில் 17 பேர் இலக்கான 8 மார்க்குக்கு மேல். எழுதாதவர்களின் கட்டத்தில் எக்செல் 0 என்று எடுத்துக்கொண்டால் 60க்கு 17, அதாவது 28 விழுக்காடு. நிலை 1கூட இல்லை. எழுதியவர்களை மட்டும் எண்ணினால் 22க்கு 17, அதாவது 77 விழுக்காடு, நிலை 2. ஒரே விடைத்தாள்கள், இரண்டு தீர்ப்புகள். இரண்டுமே சந்தேகத்துக்குரியவை, ஏனென்றால் ‘அ’வைத் தொடாத 38 பேர் அது தெரியாமல் விட்டார்களா, ‘ஆ’ சுலபம் என்று விட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. இரு பக்கமும் ஒரே சிஓ, ஒரே ப்ளூம் நிலை (நினைவுகூர்தல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல் போன்ற சிந்தனைப் படி) என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. தாளைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டி இதை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடியும்.

அடுத்தது மனப்பாடம். ‘நோடை நீக்கும் அல்காரிதம் எழுதுக’ என்றால் நோட்ஸில் இருப்பது அப்படியே வரும். அதற்குப் பதில், லிஸ்ட்டின் முதல் நோடைக் காட்டும் ஹெட் பாயிண்டரை மதிப்பாக (நகலாக) மட்டும் வாங்கும் ஒரு ஃபங்ஷனை எட்டு வரியில் கொடுங்கள். முதல் நோடை நீக்கி ஃப்ரீ செய்தபின் மெயினில் உள்ள ஹெட் எதைக் காட்டும், எப்படித் திருத்துவீர்கள் என்று கேளுங்கள். விடுவிக்கப்பட்ட இடத்தையே அது காட்டிக்கொண்டிருக்கும் என்று எழுதுபவருக்கு பாயிண்டர் பிடிபட்டிருக்கிறது.

இணைப்புக் கல்லூரிகளுக்கு இன்னொரு தலைவலி. பல்கலைக்கழகத் தேர்வில் கையில் வருவது கிரேடு மட்டும். கேள்விவாரியான மார்க் வராது. அதனால் எல்லா சிஓவுக்கும் ஒரே எண்ணைப் போடுகிறார்கள். சிஓக்களுக்கு இடையே வேறுபாடு தெரிய வேண்டுமானால் இன்டர்னல் தேர்வுதான் ஒரே வழி. அதையும் கடைசி வாரத்து அசைன்மென்ட்டால் நிரப்பினால் ஒன்றும் தெரியாது.

லேபில் ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் போட்டால் கையெழுத்துக்குத்தான் அட்டெயின்மென்ட். ஓடும் புரோகிராமில் இரண்டு பிழைகளைப் புகுத்தி 20 நிமிடம் கொடுத்துப் பாருங்கள். பிழையைக் கண்டது, காரணம் சொன்னது, காலி லிஸ்ட் போன்ற எல்லைநிலைகளைச் சோதித்தது, மூன்றுக்கும் தனித்தனி மார்க். புராஜெக்ட்டிலும் நால்வருக்கும் ஒரே மார்க் வேண்டாம். புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் உள்ள கமிட் (பதிவு) எண்ணிக்கையை நம்பவும் வேண்டாம். இடைவெளி திருத்தியே நாற்பது கமிட் போடலாம். ரிவியூவில் அவரவர் மாட்யூலில் சிறு மாற்றம் ஒன்றை அங்கேயே செய்யச் சொன்னால் யார் எழுதியது என்பது வெளிச்சமாகும்.

ஒவ்வொரு சிஓவும் ஒரு பிஓவோடு எவ்வளவு நெருக்கம் என்று 1 முதல் 3 வரை எண் கொடுக்கும் மேப்பிங்கில் எல்லாக் கட்டத்திலும் 3 போடும் பழக்கமும் உண்டு. மூன்று சிஓக்களின் நிலை 3, 3, 1 என்றும், சிக்கல் பகுப்பாய்வான பிஓ2க்கு அவற்றின் மேப்பிங் 1, 2, 3 என்றும் வைத்துக்கொள்வோம். எடையிட்ட சராசரி 12/6, அதாவது 2.0. மூன்றுக்கும் 3 போட்டால் அதே மார்க்குக்கு 2.33 வரும். சிக்கல் பகுப்பாய்வோடு நெருங்கிய சிஓவில் வகுப்பு தடுமாறியது அந்த 0.33க்குள் மறைந்துபோகிறது.

இலக்கு எட்டாத சிஓவுக்கு ‘கூடுதல் வகுப்பு எடுக்கப்பட்டது’ என்று ஃபைலில் எழுதுவது வழக்கம். எந்தத் தலைப்பு, எந்த வாரம், என்ன பயிற்சி என்று எழுதுங்கள்: ரிகர்ஷனில் ஸ்டாக் நகர்வைக் கையால் வரையும் பயிற்சி மூன்றாம் வாரத்துக்கு மாற்றப்பட்டது என்பதுபோல. அடுத்த பேட்சுக்கு அதே கடினத்தில் ஒரு கேள்வியும் வேண்டும். தாள் சுலபமானாலும் எண் ஏறத்தான் செய்யும்.