ஆவி என்ஜினின் வால்வு ஓட்டையில் கப்சாய் போல்ட் போடாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் போதும். அலமாரியில் கிடந்த மாடல் ஆவி ரயில் என்ஜின்கள் எங்கள் சுங்கை சிப்புட் பட்டறைக்கு வரிசையாக வந்துவிடும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமாம். நல்ல ஆசைதான். ஆனால் இந்த ஆண்டும் பாய்லரின் தலையில், பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய இடத்தில், கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளின் 10ஆம் நம்பர் போல்ட் (10 மி.மீ. ஸ்பேனர் பிடிப்பது) உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "வால்வு ஒழுகுது அண்ணே, ஆவி வீணாப் போகுது, அதான் அடைச்சிட்டேன்."

அது ஒழுகல் இல்லை, ஐயா. அழுத்தம் வரம்பைத் தொட்டதும் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து, மிஞ்சிய ஆவியை வெளியே விடுவதுதான் அந்த வால்வின் ஒரே வேலை. வரம்பை நெருங்கும்போதே லேசாக உஸ்ஸென்று கசியும். அதுவும் இயல்புதான். சிலிண்டர் எடுத்துக்கொண்டது போக மீந்த ஆவிதான் மேலே போகிறது, அதனால் வண்டியின் ஓட்டம் குறையாது. வண்டி இழுக்கவில்லை என்றால் கீழே பாருங்கள். ஊசலாடும் சிலிண்டரின் முகம் தேய்ந்திருக்கும், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தலையை அடைத்தால் அழுத்தம் ஏறும், சிலிண்டர் முகத்தில் கசிவும் கூடவே ஏறும்.

தண்ணீர் சூடேறத் தொடங்கியதுமே வால்வு சொட்டினால்தான் கோளாறு. சுண்ணாம்புப் படிவம் வால்வு உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும். வால்வைக் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தண்டை நாலைந்து முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் சொட்டினால் புது வால்வுதான். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது, அடியில் வாஷர் வைப்பது, பேனா ஸ்பிரிங்கைப் போடுவது எல்லாம் போல்ட் போடுவதற்குத் தம்பி வேலை. வேண்டாம்.

அடுத்த வசனம், "சின்ன சாமான்தானே?" இந்த வகைச் சிறிய என்ஜின்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் அழுத்தத்துக்குள் ஓடுபவை. 1 பாரில் உள்ளே இருக்கும் நீரின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ். பாய்லர் பிளந்து அழுத்தம் சட்டென்று போனால் அந்த வெப்பத்தில் நீர் முழுவதும் நீராக நிற்காது. 100 மில்லி நீரில் 4 மில்லிகூட ஆவியாகாதுதான். ஆனால் அந்தக் கொஞ்சமே 6 லிட்டர் இடம் கேட்கும், மீதிக் கொதிநீரையும் வாரிக்கொண்டு வரும். 50 மி.மீ. விட்டமுள்ள முனைத்தகட்டின் மேல் 1 பாரில் 20 கிலோ பாரம், 4 பாரில் 80 கிலோ. வால்வை அடைத்துவிட்டால் 4 பாரோடு நிற்கும் என்று யார் சொன்னது? நெருப்பு அணையும்வரை அல்லது தகடு பிளக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் குனிந்து பார்ப்பது பிள்ளைகள்.

செம்பனை ஆலையில் வேலை பார்ப்பவர்களே இப்படிச் செய்வதுதான் எரிச்சல். பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் 3 பார் அளவில் ஓடுகிறது, அதன் வால்வில் யாரையாவது கை வைக்க விடுவீர்களா? வீட்டுக்கு வந்ததும் அந்த அறிவெல்லாம் காலணியோடு வாசலில் நின்றுவிடுகிறது.

போல்ட் ஏன் அவ்வளவு சுலபமாக ஏறுகிறது? 1937இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய மாமோட் நிறுவனத்தின் என்ஜின்களில் வால்வின் த்ரெட் (திருகுப் புரி) கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 புரி. விட்டம் 6.35 மி.மீ., புரி இடைவெளி 0.98 மி.மீ. கப்சாய் மோட்டாரின் 10ஆம் நம்பர் போல்ட்டின் விட்டம் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. இடைவெளி ஏறக்குறைய ஒன்றேதான், விட்டம்தான் குறைவு. அதனால் கையாலேயே ஏறும், ஆடும். வெள்ளை டேப் சுற்றினால் ஆட்டம் மறையும், ஆனால் புரி முழு ஆழத்துக்குப் பிடித்திருக்காது. ஆக, வழியையும் அடைத்தாயிற்று, அடைப்புக்கும் பிடிமானம் இல்லை. இரும்பு போல்ட் துருப்பிடித்துப் பித்தளைப் புரியில் இறுகிக்கொள்வது தனிக்கணக்கு.

ஜெர்மனியின் விலெஸ்கோ என்ஜின்களில் வால்வு 6 மி.மீ., இடைவெளி 0.75. தோட்டத்தில் ஓட்டும் பெரிய என்ஜின்களில் கால் அங்குலத்தில் 32 புரியும் உண்டு, 40 புரியும் உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வால்வின் த்ரெட் மிகக் குட்டை என்பதால் எண்ணிப் பார்த்துச் சொல்வது கடினம். அங்குலம், மில்லிமீட்டர் இரண்டும் உள்ள த்ரெட் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரில் விட்டம், கேஜில் புரி, இரண்டும் பொருந்தினால்தான் ஆர்டர். சிறிய ஸ்க்ரூக்களிலும் இதே வம்புதான். பழைய ஆங்கிலேய மாடல்களில் இருப்பது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) ரகம். 6 பி.ஏ. 2.8 மி.மீ., அதில் 3 மி.மீ. ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றினால் ஓட்டையின் புரி போயே போச்சு.

ஓட்டையே கெட்டுப்போயிருந்தால் லேத் கடையில் புது புஷ் (உள்ளே புரி வெட்டிய குழல்) கடைந்து, வெள்ளிப் பற்று (சில்வர் சோல்டர்) வைத்துப் பொருத்தலாம். புஷ் வெண்கலமாக இருக்கட்டும். சாதாரணப் பித்தளை சூட்டிலும் நீரிலும் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாகி நொறுங்கும். வால்வை மட்டும் லேத்தில் கடையச் சொல்லாதீர்கள். எந்த அழுத்தத்தில் திறக்கும் என்று சோதித்து வந்ததை வாங்குங்கள்.

மின்சாதனத்துக்கு வைக்கும் ஈயப் பற்றால் பாய்லர் வெடிப்பை அடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 183 டிகிரியில் இளகத் தொடங்கும். தண்ணீர் இருக்கும்வரை தாங்குவதுபோல் தெரியும், வற்றியதும் விட்டுவிடும். வெள்ளிப் பற்று இளகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒருமுறை ஈயம் பட்ட இடத்தில் பிறகு வெள்ளி ஒழுங்காக ஒட்டாது, சுரண்டியே மாளாது. பசை தடவிக்கொண்டு வருபவர்களிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

பாய்லரில் எந்த வேலை செய்தாலும் தண்ணீர் வைத்துச் சோதியுங்கள். தயவுசெய்து டயர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடித்துப் பார்க்காதீர்கள்! அடைபட்ட காற்று வெடிக்கும். குளிர்ந்த நீர் கசிவதோடு சரி. குமிழி இல்லாமல் பாய்லரை நிரப்பி, வால்வு இடத்தை அதே த்ரெட் உள்ள அடைப்பானால் மூடி, கைப்பம்பால் ஓட்ட அழுத்தத்தின் ஒன்றரை மடங்குவரை ஏற்றி 10 நிமிடம் விடுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கக் கூடாது, தகடு உப்பக் கூடாது. முடிந்ததும் அந்த அடைப்பானைக் கழற்றி வால்வைப் போட மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், மறந்து வந்தவையும் உண்டு.

மற்றவை சுருக்கமாக. நெருப்பு மூட்டுமுன் ஒவ்வொரு முறையும் வால்வுத் தண்டை இழுத்துப் பாருங்கள். எரிபொருள் மறுபடி வைக்கிறீர்களா, முதலில் தண்ணீர். எரிபொருள் வில்லை தீர்ந்துவிட்டது என்று பெட்ரோலோ தின்னரோ ஊற்ற வேண்டாம். ஆவி போகும் இடத்துக்கு ஆவி என்ஜினுக்கென்றே விற்கும் கெட்டியான சிலிண்டர் எண்ணெய், 460 தரம். தையல் இயந்திர எண்ணெய் ஆவியோடு கழுவிப் போய்விடும். கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங் சூட்டில் இறுகிப்போகும், சூடு தாங்கும் வைட்டான் ரப்பர் கேளுங்கள். பழைய என்ஜினின் பிஸ்டன் தண்டைச் சுற்றி வெள்ளைக் கயிறு அடைத்திருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். காய்ந்த நிலையில் பிய்க்காமல், ஊதாமல், நனைத்து எடுத்துப் பையில் கட்டிவிட்டு, கிராஃபைட் கயிறு வையுங்கள்.

ஈப்போ ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் என்ஜின் வாங்குபவர்கள் வால்வும் கூட இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், புது வால்வு வரும்வரை நெருப்பு மூட்டாதீர்கள். மாமோட், விலெஸ்கோ இரண்டுக்கும் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. கடல் கடந்து வர நாளாகும், தீபாவளிக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள். கழற்றிய பழைய வால்வை, உடைந்திருந்தாலும், ஒரு பொட்டலத்தில் கட்டி என்ஜினோடு கொண்டு வாருங்கள். அளவு எடுக்க அது போதும்.